பூஞ்சையை வேலைக்கு அழைத்தவர்

ஒரு கவளம் சோற்றை வாயிலிட்டு, விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் சற்று நேரத்தில் அது இனிக்கத் தொடங்கும். சர்க்கரை சேர்க்காத சோற்றில் இந்த இனிப்பு எங்கிருந்து வந்தது? நம் உமிழ்நீரில் உள்ள ஒரு பொருள் சோற்றிலுள்ள மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக மாற்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் கஞ்சித் தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் அது கருநீலமாகும்; அதே கஞ்சியில் முன்கூட்டியே உமிழ்நீரைக் கலந்து வைத்திருந்தால் நீலம் தோன்றாது. மாவுச்சத்து இருந்தால்தானே நீலம் வரும்! இவ்விதம் ஓசையின்றி வேலை செய்யும் பொருள்களுக்கே நொதிகள், அதாவது என்சைம்கள், என்று பெயர்.

மாவை உடைக்கும் நொதியை முளைகட்டிய பார்லியிலிருந்து முதன்முதலில் பிரித்தவர்கள் பாயன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். 1833-ம் ஆண்டு அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். அந்தப் பொருளை ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்து, புட்டியில் அடைத்து, உலகம் முழுவதும் அனுப்பியவர்தான் நாம் இங்கே சொல்ல வந்த டாக்டர் ஜோகிச்சி தகாமினே. உயிர்காக்கும் அட்ரினலின் மருந்தைத் தூய படிகமாக முதலில் எடுத்ததும் இவருடைய ஆய்வுக்கூடத்தில்தான். இவ்விரண்டு வெற்றிகளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்களை அதிகம் ஈர்த்ததோ அவர் தோற்றுப்போன ஒரு போராட்டம். அது மக்காச்சோளத்தை வைத்து நடந்தது.

தகாமினே 1854-ம் ஆண்டு நவம்பர் 3-ம் நாள் ஜப்பானில் தகாவோகா என்ற ஊரில் பிறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஜப்பானியக் கடற்கரைக்கு வந்து, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்த அந்நாட்டின் கதவைத் தட்டியிருந்தன. தந்தையார் மருத்துவர், டச்சுக்காரர்கள் வழியாக வந்த மேல்நாட்டு மருத்துவமும் இரசாயனமும் கற்றவர். தாயார் சாகே என்னும் அரிசி மது வடிக்கும் குடும்பத்துப் பெண். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் கனஸாவா நகருக்குக் குடிபெயர்ந்தது.

தந்தையைவிடத் தாய்வீட்டுத் தொழில்தான் இந்தக் கதைக்கு முக்கியம். அரிசியை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, ஒருவகைப் பூஞ்சையின் வித்துக்களை அதன்மேல் தூவி, வெதுவெதுப்பான அறையில் வைப்பார்கள். ஏறக்குறைய இரண்டே நாளில் அரிசியின்மேல் வெண்மையாகப் பூஞ்சை படரும். இதற்குக் கோஜி என்று பெயர். அந்தப் பூஞ்சை அரிசி மாவைச் சர்க்கரையாக்கிவிடும். பிறகுதான் அது நொதித்து மதுவாகும். நம் வீடுகளில் ரொட்டியிலோ பழைய பண்டத்திலோ பூஞ்சை பூத்தால் வெளியே கொட்டிவிடுகிறோம். கொட்டத்தான் வேண்டும், எல்லாப் பூஞ்சையும் நல்ல பூஞ்சையல்ல. நம் புதுக்கோட்டைப் பக்கத்து நிலக்கடலை சரியாகக் காயாமல் ஈரத்தில் கிடந்தால் அதில் நஞ்சை உண்டாக்குகிறதே, அந்தப் பூஞ்சை இந்தக் கோஜிப் பூஞ்சைக்கு மிக நெருங்கிய உறவு! ஒரே குடும்பத்தில் ஒருவர் இப்படி, ஒருவர் அப்படி.

பன்னிரண்டு வயது நிரம்புமுன்னே சிறுவன் ஜோகிச்சியை நாகசாகி துறைமுகத்துக்கு ஆங்கிலம் கற்க அனுப்பினார்கள். பின்பு மருத்துவப் படிப்பில் சேர்ந்து, அதைவிட்டு இரசாயனத்துக்கு மாறினார். டோக்கியோவிலிருந்த அரசாங்கப் பொறியியல் கல்லூரியில் 1879-ல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியிலிருந்து வெளிவந்த முதல் அணி மாணவர்களில் அவர் ஒருவர். அடுத்த ஆண்டு அரசாங்கமே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு மேற்படிப்புக்கு அனுப்பியது. 1883-ல் தாயகம் திரும்பி விவசாய, வணிகத் துறையில் வேலைக்கு அமர்ந்தார்.

1884-ல் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த பெரிய பருத்திக் கண்காட்சிக்கு ஜப்பானின் பிரதிநிதியாகப் போனார். அங்கே இரண்டு காரியங்கள் நடந்தன. பாஸ்பேட் உரத்தைக் கண்டார். கரோலின் ஹிட்ச் என்ற இளம்பெண்ணையும் கண்டார். 1887-ல் திருமணம் நடந்தது. மணமக்கள் புதுமணப் பயணமாகப் போன இடங்களில் உரத் தொழிற்சாலைகளும் இருந்தன என்று படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கரோலின் பொறுமைசாலிதான். அதே ஆண்டில், ஷிபுசாவா எய்ச்சி என்ற பெருந்தொழிலதிபரின் துணையோடு, டோக்கியோ செயற்கை உரக் கம்பெனியைத் தகாமினே தொடங்கினார். இரண்டு ஆண் குழந்தைகளும் ஜப்பானில் பிறந்தன. நல்ல உத்தியோகம், சொந்தத் தொழில், குடும்பம் எல்லாம் அமைந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் அங்கேயே வாழ்க்கை நின்றிருக்கும்.

ஆனால் தாய்வீட்டுக் கோஜி அவரை விடவில்லை. மேல்நாட்டில் விஸ்கி வடிப்பவர்கள் மக்காச்சோளத்தை அரைத்து வேகவைத்து, அதன் மாவைச் சர்க்கரையாக்க மால்ட்டைச் சேர்ப்பார்கள். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. நாம் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி மாவரைப்பது போன்றதுதான். ஆனால் மூட்டை மூட்டையாக, பெரிய பெரிய கூடங்களில். பார்லியை ஊறவைத்து, பரப்பி, கிளறி, முளைவிட்டபின் காயவைக்க ஒரு வாரத்துக்குமேல் ஆகும். அதே வேலையை இரண்டு நாளில் வளரும் கோஜி செய்யாதா என்பதே தகாமினேயின் கேள்வி.

கன்னியர் மடத்துப் பள்ளி இதழில் விஸ்கியைப் பற்றி எழுதுகிறார்களே என்று பெற்றோர் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அக்காலத்தில் மக்காச்சோளத்தின் மாவைப் பெருமளவில் சர்க்கரையாக்கும் தொழில் எங்கே நடந்ததோ அங்கேதான் இந்த மனிதர் போக முடியும். நாமும் பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது.

மனைவியின் வீட்டார் மூலம் இந்தச் செய்தி அமெரிக்காவின் விஸ்கி டிரஸ்டுக்கு எட்டியது. பல வடிசாலைகள் ஒன்றுசேர்ந்த கூட்டமைப்பு அது. தலைமையிடம் இல்லினாய் மாநிலத்திலுள்ள பியோரியா நகர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளக் கொல்லைகள். டிரஸ்டின் அழைப்பை ஏற்று 1890-ல் தகாமினே, மனைவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அங்கே அவர் செய்த மாற்றம் கேட்பதற்கு மிக எளியது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமைத் தவிட்டில் பூஞ்சையை வளர்த்தார். மாவு ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும் கழிவு அது. தவிடு உதிரி உதிரியாக இருப்பதால் பூஞ்சைக்குக் காற்றும் கிடைத்தது, இடமும் கிடைத்தது. சோதனைகள் வெற்றியாகவே நடந்தன. மால்ட்டைவிடக் குறைந்த செலவில் மக்காச்சோள மாவு சர்க்கரையானது.

அங்குதான் சிக்கல் முளைத்தது. மால்ட் செய்வதையே நம்பிப் பலர் வாழ்ந்தார்கள். மால்ட் கூடங்களில் பெரும்பணம் போட்டவர்கள் ஒருபுறம். நாள்தோறும் பார்லியைக் கிளறிக் கூலி வாங்கிய தொழிலாளிகள் மறுபுறம். எங்கிருந்தோ வந்த ஜப்பானியர் தவிட்டையும் பூஞ்சையையும் வைத்துத் தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார் என்று கொதித்தார்கள். 1891-ம் ஆண்டின் பிற்பகுதியில் தகாமினேயின் முறை நடந்துவந்த இடம் தீக்கிரையாயிற்று. தீ வைத்தவர் யார் என்று நிரூபிக்கப்படவே இல்லை. மால்ட் தரப்பினரின் வேலை என்ற சந்தேகம் மட்டும் இன்றுவரை மறையவில்லை.

தீ வைப்பதை யாரும் நியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொழிலாளிகளின் அச்சம் வீண் அச்சம் என்று தள்ளிவிடவும் எங்களுக்கு மனம் வரவில்லை. கதிர் அறுக்கும் இயந்திரம் வயலில் இறங்கிய நாளில் அறுப்புக் கூலிக்குப் போன பெண்கள் வரப்பில் நின்று பார்த்த பார்வையை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அறிவார்கள். புதிய கண்டுபிடிப்பின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நெருப்போடு துன்பம் நிற்கவில்லை. தகாமினேவுக்குக் கல்லீரல் நோய் முற்றியது. பியோரியாவில் வைத்துப் பார்க்க முடியாத நிலையில், கரோலின் அவரைச் சிகாகோவுக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்வித்துப் பிழைக்கவைத்தார். ஜப்பானில் இருந்த வேலையை விட்டாயிற்று, அமெரிக்காவில் கையில் இருந்த வேலையோ எரிந்துவிட்டது, கணவர் படுக்கையில், இரண்டு சிறு பிள்ளைகள். அந்த நாள்களில் அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் கரோலின்தான் என்பதில் ஐயமில்லை. நோயிலிருந்து எழுந்து தகாமினே மறுபடியும் முயன்றார். ஆனால் டிரஸ்டுக்குள்ளேயே பூசல் முற்றி, 1895-ல் அதுவே கலைந்துபோயிற்று. மக்காச்சோள வடிசாலைகளில் கோஜியைப் புகுத்தும் முயற்சி அத்தோடு முடிந்தது.

ஆலைக்குள் நுழைய முடியாத பூஞ்சை, மருந்துக் கடைக்குள் நுழைந்தது. தவிட்டில் வளர்ந்த பூஞ்சையைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினால் நொதி தண்ணீரில் இறங்கும். அந்த நீரில் ஆல்கஹாலைச் சேர்த்தால் நொதி பிரிந்து படியும். அதைக் காயவைத்தால் தூள். இந்த முறைக்கு 1894-ல் தகாமினே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதிக்கு அந்நாட்டில் தரப்பட்ட முதல் காப்புரிமை என்று இதைச் சொல்வார்கள். தூளுக்கு டாகா டயஸ்டேஸ் என்று பெயர் சூட்டினார். டிட்ராய்ட் நகரத்துப் பார்க் டேவிஸ் கம்பெனி அதை வாங்கி, சோறும் ரொட்டியும் உண்டு செரிக்காதவர்களுக்கான மருந்தாக விற்றது. ஜப்பானில் அதை விற்கவென்றே 1899-ல் தொடங்கிய கடை, பிற்பாடு சாங்கியோ என்ற பெரிய மருந்துக் கம்பெனியாக வளர்ந்து, தகாமினேயையே முதல் தலைவராக அமர்த்தியது. நட்சுமே சோசெகி என்ற புகழ்பெற்ற ஜப்பானிய எழுத்தாளரின் பூனைக் கதையில் வரும் வாத்தியார் கூட வயிற்றுக் கோளாறுக்கு டாகா டயஸ்டேஸ்தான் சாப்பிடுகிறார்!

நம் ஊர்க் கடைகளில் செரிமானத்துக்கு விற்கும் சிரப்புப் புட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றின் லேபிளில் பங்கல் டயஸ்டேஸ் என்று இருக்கும். பங்கல் என்றால் பூஞ்சையிலிருந்து வந்தது என்று பொருள். தகாமினேயின் பெயர் அதில் இராது; வழி அவருடையது.

அட்ரினலினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1900-ம் ஆண்டு நியூயார்க்கில் இருந்த சிறிய ஆய்வுக்கூடத்தில், கால்நடைகளின் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பியிலிருந்து இம்மருந்து தூய படிகமாகக் கிடைத்தது. தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் ஹார்மோன் இதுவே. கையால் வேலை செய்து படிகத்தை எடுத்தவர் உதவியாளர் உயெனாகா கெய்சோ. காப்புரிமையில் தகாமினேயின் பெயர் மட்டுமே உள்ளது. உயெனாகாவின் ஆய்வுக் குறிப்பேடு ஜப்பானில் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளது என்பது ஆறுதல். இருந்தாலும் பெரியவரின் வாழ்க்கையில் இது ஒரு குறையாகவே எங்களுக்குப் படுகிறது.

செல்வம் சேர்ந்தது. அதைப் பூட்டி வைக்கவில்லை. ஜப்பானில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கழகம் வேண்டுமென்று 1913-ல் குரல் கொடுத்தார்; 1917-ல் ரிக்கென் என்னும் அந்தக் கழகம் பிறந்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் வசந்தகாலத்தில் பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்களின் செலவை ஏற்றவரும் இவரே. 1910-ல் வந்த முதல் தொகுதி 2,000 மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் அவற்றை எரித்துவிட்டார்கள். மனம் தளராமல் 1912-ல் மறுபடியும் 3,020 மரங்கள் அனுப்பப்பட்டன. டோக்கியோ நகரத்தின் கொடையாகவே அவை நடப்பட்டன. தம் பெயரை அவர் முன்னிறுத்திக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்தும், ஜப்பானியர் என்பதால் அந்நாட்டுச் சட்டம் அவருக்குக் குடியுரிமை தரவில்லை.

1922-ம் ஆண்டு ஜூலை 22-ம் நாள் நியூயார்க்கில் தகாமினே காலமானார். கரோலின் பின்னாளில் மறுமணம் செய்துகொண்டு அரிசோனா மாநிலத்துப் பாலைவனப் பகுதியில் குடியேறினார். அங்கே வெயில் என்று ஓர் ஊர். நம் காதுக்கு மிகப் பொருத்தமான பெயர்! அந்த ஊரில் 1935-ல் தம் முதற்கணவரின் நினைவாக ஒரு கத்தோலிக்க ஆலயம் கட்டினார். பாலைவனத்துப் புனித ரீத்தம்மாள் ஆலயம் என்று அதற்குப் பெயர்.

இனி, விட்ட இடத்துக்கு வருவோம். மக்காச்சோளம் என்ன ஆயிற்று?

மக்காச்சோளத்தை ஈர முறையில் அரைத்து மாவுச்சத்தைப் பிரிக்கும் ஆலைகள் அமெரிக்காவில் ஏராளம். நம் நாட்டிலும் குஜராத், பஞ்சாப், கர்நாடகம் போன்ற மாநிலங்களில் உள்ளன. விளையாட்டு விழாவன்று நம் பிள்ளைகள் அள்ளிப் போட்டுக்கொள்ளும் குளுக்கோஸ், மாத்திரைகளைக் கட்டியாக நிறுத்தும் மாவு, கஸ்டர்டு தூள், துணி ஆலைக்கான கஞ்சி எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. மாவைக் குளுக்கோஸாக்க ஆலைகள் நெடுங்காலம் அமிலத்தையே நம்பியிருந்தன. 1811-ல் ரஷ்யாவில் கிர்ச்சாஃப் கண்ட முறை அது. அமிலம் கண்மூடித்தனமாக உடைக்கும். கசப்பும் நிறமும் சேரும். 1940-ஐ ஒட்டிப் பூஞ்சை நொதிகள் சோளப்பாகு ஆலைக்குள் நுழைந்தன. 1960-களில் அமிலத்தை ஒதுக்கிவிட்டு நொதிகளாலேயே குளுக்கோஸ் செய்யும் முறை பரவியது. அதில் முன்னால் நின்றது ஜப்பான். தகாமினேயைத் திருப்பியனுப்பிய மக்காச்சோளம், அவர் மறைந்த நாற்பது ஆண்டுகளுக்குள் அவர் வழிக்கே வந்து சேர்ந்தது.

பியோரியாவும் சும்மா இருக்கவில்லை. 1941-ல் இங்கிலாந்திலிருந்து பெனிசிலினை எடுத்துக்கொண்டு விஞ்ஞானிகள் வந்தது அந்த ஊரிலிருந்த அரசாங்க ஆய்வு நிலையத்துக்குத்தான். சோள ஆலைகளில் மக்காச்சோளம் ஊறிய தண்ணீரைச் சேர்த்து வளர்த்தபோது பூஞ்சை பன்மடங்கு பெனிசிலினைச் சுரந்தது. மறுபடியும் அதே ஊர், மறுபடியும் ஒரு பூஞ்சை!

அந்த ஊறல் தண்ணீரிடம்தான் இன்றைய வேலை நடக்கிறது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கைத் துருவி, கழுவி, தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் படிந்துவிடுகிறது. மக்காச்சோளம் அப்படி இணங்காது. மணிக்குள் மாவுத் துகள்களைப் புரதம் இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்தக் கந்தக டை ஆக்ஸைடு கலந்த வெந்நீரில், ஏறக்குறைய 50 டிகிரி வெப்பத்தில், 24 முதல் 48 மணி நேரம் ஊறவைக்கிறார்கள். நெடியுள்ள வாயு அது. மூச்சுக்கும் தீங்கு, காற்றுக்கும் கேடு. அத்தனை நேரம் தொட்டிகளைச் சூடாக வைத்திருக்க எரிபொருளும் வேண்டும்.

புரதத்தை அறுக்கும் நொதியைப் போட்டால் என்ன? முழு மணிக்குள் நொதி நுழையாது. அதன் மூலக்கூறு பெரியது, தோல் தடுக்கும். ஆகவே முதலில் மக்காச்சோளத்தைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, முளைக்கரு நசுங்காதபடி ஒன்றிரண்டாக உடைத்து, அதன்பிறகு நொதியைச் சேர்க்கும் முறையை 2000-ம் ஆண்டை ஒட்டி இல்லினாய் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க விவசாயத் துறை ஆராய்ச்சியாளர்களும் சோதித்தார்கள். பழைய முறையில் கிடைக்கும் அளவு மாவு, சுமார் ஆறு மணி நேரத்திலேயே பிரிந்தது. கந்தக டை ஆக்ஸைடின் தேவையும் வெகுவாகக் குறைந்தது. நொதியின் விலை கட்டுப்படியாக வேண்டும் என்பதால் எல்லா ஆலைகளும் இதற்கு மாறிவிடவில்லை. ஆனால் நாரில் ஒட்டி வீணாகும் மாவைப் பிரித்தெடுக்கும் நொதிகள் இப்போது ஆலைகளுக்கு விற்பனையாகின்றன.

நம் மாவட்டத்திலிருந்து வடக்கே பெரம்பலூர் பக்கம் போனால் மழைக்காலத்தில் ஏக்கர் ஏக்கராக மக்காச்சோளம் நிற்பதைக் காணலாம். அறுவடையில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஒரு பங்கு மாவு ஆலைகளுக்குப் போய், தொட்டியில் ஊறி, மாவாகி, அங்கே பூஞ்சை நொதியைச் சந்திக்கிறது.